கார்ன்வாலிஸ் கொடிவழி: மூன்று ஞாயிறு, நான்கு நிறம்

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலை ஒன்று இருக்கிறது. திப்பு சுல்தானோடு போரிட்ட ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் அவர். அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியும் உண்டு. அந்தப் போர் முடிந்த 1792இல்தான் அவருக்கு மார்க்விஸ் என்ற பிரிட்டிஷ் பிரபுப் பட்டம் கிடைத்தது. இன்று அந்தப் பட்டம் யாரிடமும் இல்லை. எப்படி அற்றுப்போனது என்று கொடிவழி வரைந்து பார்க்க ஆசை வந்தது.

முதல் ஞாயிறு ஒரு சார்ட் பேப்பர், பென்சில், ஸ்கேலோடு உட்கார்ந்தேன். முதல் சிக்கல் எழுத்திலேயே வந்தது. இந்தக் குடும்பத்தின் பழைய பிரபுப் பட்டமான Baron என்பதைப் 'பேரன்' என்று எழுதினால் மகனுடைய மகன் என்று படிக்கத் தோன்றுகிறது. கொடிவழியில் அது பெரிய குழப்பம். அதனால் 'பாரன்' என்று மாற்றிக்கொண்டேன். அடுத்தது பெயர். 1661இல் முதல் பாரன் ஆனவர் ஃபிரெடரிக். அவருக்கு அடுத்து வந்த ஆறு பாரன்களும் சார்லஸ்தான், எல்லாரும் தகப்பன் மகன் வரிசை. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பிறந்த ஆண்டைப் போட்ட பிறகுதான் யார் யார் என்று பிடிபட்டது. நம் ஊர் சிலைக்காரர், அதாவது சிலையாக நிற்கும் கார்ன்வாலிஸ், 1738இல் பிறந்தவர், ஆறாவது பாரன்.

அன்று சாயங்காலம் ஒரு தப்பு செய்தேன். அவருக்கு ஒரே மகன், இரண்டாவது மார்க்விஸ். அந்த மகனுக்கு ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. 1823இல் அவர் இறந்ததும் எல்லாம் முடிந்தது என்று அடியில் கோடு போட்டுவிட்டேன். ஆனால் 1824இல் இறந்த ஒரு எர்ல் (மார்க்விஸுக்குக் கீழே, பாரனுக்கு மேலே உள்ள பட்டம்) கார்ன்வாலிஸ் இருக்கிறாரே! அவர் எங்கிருந்து வந்தார்?

இரண்டாவது ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. பட்டம் என்பது ஒன்றல்ல, ஒரே ஆள் தலையில் அடுக்கி வைத்த பல பட்டங்கள். ஒவ்வொன்றையும் அது முதலில் யாருக்குக் கிடைத்ததோ அவரிடமிருந்து எண்ண வேண்டும், அவருடைய ஆண் வழி இருக்கும்வரை அது இருக்கும். மார்க்விஸ் பட்டம் 1792இல் தொடங்கியதால் சிலைக்காரரின் சொந்த ஆண் வழிக்கு மட்டும். எர்ல் பட்டமோ 1753இல் அவர் அப்பாவுக்குக் கிடைத்தது. ஆகவே அவருடைய தம்பிக்கும் அதில் உரிமை உண்டு. பாரன் பட்டமும், அதற்கும் கீழ்ப்படியான 1627இன் பாரனெட் பட்டமும் இன்னும் மேலே, அந்த முதல் ஃபிரெடரிக்கிடம் போய் நிற்கின்றன. நம் ஊர் வழக்கில் சொன்னால் பங்காளி உரிமை. மேலே போகப் போகப் பங்காளிகள் கூடுவார்கள்.

அப்புறம் நான்கு நிற ஸ்கெட்ச் பேனா வாங்கி மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். மார்க்விஸ் சிவப்பு, எர்ல் நீலம், பாரன் பச்சை, பாரனெட் பழுப்பு. 1823இல் சிவப்பு மட்டும் நின்றது. மற்ற மூன்றும் ஒரு தலைமுறை மேலே ஏறி, சித்தப்பா ஜேம்ஸ் பக்கம் வளைந்து இறங்கின. அவர் லிச்ஃபீல்டு பிஷப், அப்போது வயது 80. ஐந்து மாதம்தான் எர்லாக இருந்தார். அண்ணன் மகனிடமிருந்து சித்தப்பாவுக்குச் சொத்து போவதுபோல் கோடு மேல்நோக்கிப் போவதை என் கையால் வரைந்தபோதுதான் இந்த முறை எனக்கு உண்மையாகவே புரிந்தது.

மூன்றாவது ஞாயிறு பிஷப்பின் மகன், ஐந்தாவது எர்ல். அவர் பெயரும் ஜேம்ஸ். தாய் வழிச் சொத்துக்காக மான் என்ற குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டவர். 1852இல் அவரோடு மீதி மூன்று நிறங்களும் நின்றன. ஆனால் தாளில் என் கண் போனது 1835க்கு. அவருடைய ஒரே மகன் வைகவுண்ட் புரோம் (எர்லின் வாரிசை மரியாதைக்கு அழைக்கும் பெயர்) அந்த ஆண்டு 22 வயதில் கல்யாணம் ஆகாமலே இறந்துவிட்டான். அதற்குப் பிறகு 17 ஆண்டு அந்த அப்பா பட்டத்தோடு வாழ்ந்திருக்கிறார். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு அன்றைக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்த எர்லின் மகள் வழி வந்தவர் ஒருவருக்கு 1927இல் பாரன் கார்ன்வாலிஸ் பட்டம் தரப்பட்டது. அது புதுப் பட்டம், எண்ணும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. அதனால் பச்சையை நீட்டவில்லை. தாளின் ஓரத்தில் ஊதா நிறத்தில் தனியாக வைத்திருக்கிறேன், நடுவில் மகள் வழியைப் புள்ளிக்கோடாகக் காட்டி.

பாக்கி இருப்பது கஷ்டமான வேலை. 1852இல் பச்சையும் பழுப்பும் நின்றன என்றால், முதல் ஃபிரெடரிக்கின் ஆண் வழியில் எந்தக் கிளையிலும் ஒருவரும் மிஞ்சவில்லை என்று பொருள். அந்தக் கிளைகள் ஒவ்வொன்றும் எங்கே முடிந்தது என்று காட்டினால்தான் படம் முழுமை. நான்காவது பாரனின் பிள்ளைகளில் 1713இல் பிறந்த இரட்டையரை முடித்துவிட்டேன்: கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆன ஃபிரெடரிக், 1749இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவிய எட்வர்ட். இருவருக்கும் பிள்ளை இல்லை. சிலைக்காரரின் இன்னொரு தம்பி, அட்மிரல் வில்லியம், கல்யாணமே செய்துகொள்ளாமல் 1819இல் இறந்தவர். அவர் பெயருக்குக் கீழும் சின்னக் குறுக்குக் கோடு போட்டாயிற்று. அடுத்த ஞாயிறு நான்காவது பாரனின் மற்ற பிள்ளைகள். அதற்கு இன்னொரு சார்ட் பேப்பர் ஒட்ட வேண்டும்.