கேட்டரிங் படித்தால்தான் கிச்சனில் வேலையா?

+2 ரிசல்ட் வந்ததும் ஊரில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். "பையன் நல்லா சமைக்கிறான், கேட்டரிங் சேர்க்கலாமா, இல்ல நேரா ஒரு ஹோட்டல்ல விட்டுடலாமா?" நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரி. உணவுத் தயாரிப்பில் ஒன்றரை ஆண்டு சான்றிதழ் படிப்பு முடித்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் பேக்கரிப் பக்கம் நிற்கிறேன். கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதிரி கிச்சனில் வேலை வேண்டும்?

பரோட்டா மாஸ்டரையோ பிரியாணி மாஸ்டரையோ சரக்கு மாஸ்டரையோ யாரும் சர்டிஃபிகேட் பார்த்து எடுப்பதில்லை. மஞ்சக்குப்பத்தில் ஆனாலும் சரி, புதுச்சேரி நேரு வீதியில் ஆனாலும் சரி, "ஒரு நாள் நில்லுப்பா, பார்க்கலாம்" என்பார் முதலாளி. அதுதான் இன்டர்வியூ. கிளீனராகச் சேர்ந்து, கட்டிங்குக்கு வந்து, மாஸ்டர் லீவு போட்ட நாளில் கல்லில் கை வைத்து மேலே வந்தவர்கள்தான் அங்கே பெரும்பாலும். கை பழகிய பரோட்டா மாஸ்டர் வாங்கும் நாள் கூலியும் பேட்டாவும், டிகிரி முடித்துப் புதிதாகச் சேரும் பிள்ளையின் சம்பளத்தைத் தாண்டும். வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. அந்த லைன்தான் ஆசை என்றால் படிப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நல்ல மாஸ்டராகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் அது ஆண் பிள்ளைகளுக்கான வழி. மாஸ்டர்கள் ஹோட்டல் மாடியிலேயே படுத்து எழுந்து, விடியற்காலை மாவிலிருந்து ராத்திரி கடை கட்டும் வரை கூடவே இருப்பவர்கள். அந்த அறையில் ஒரு பெண்ணுக்கு ஏது இடம்? காய் நறுக்க, பாத்திரம் கழுவ, மாவாட்டப் பெண்களை வைத்துக்கொள்வார்கள், கல்லுக்கு முன்னால் விடமாட்டார்கள். நானும் சில இடங்களில் கேட்டுப் பார்த்தேன். "கல்யாணமாகிப் போற பொண்ணு, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். எனக்குப் படிப்பு தேவைப்பட்டது சமையல் கற்றுக்கொள்ள மட்டுமில்லை, கிச்சனுக்குள் காலை வைக்கவே. அதனால் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு யோசிக்கும் அம்மா அப்பாவிடம் மட்டும் நான் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. படிக்க வையுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பெரிய ஹோட்டல், ரிசார்ட், புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கத்து கஃபே என்றால் கதை வேறு. பெரிய ஹோட்டலில் பயோடேட்டா முதலில் போவது செஃபிடம் இல்லை, ஹெச்ஆரிடம். படிப்பு என்ற இடம் காலியாக இருந்தால் பல சமயம் அங்கேயே நின்றுவிடும். உள்ளே போனபின் கீழிருந்து மேலாக காமி, டெமி, சிடிபி, சூ செஃப் என்று படிகள். கீழ்ப் படிகளில் கை பேசும். மேலே போகப் போக இன்டென்ட் (வேண்டிய பொருள்களின் பட்டியல்), ஸ்டாக், ஃபுட் காஸ்ட் என்று பேப்பர் வேலை கூடிக்கொண்டே போகும். கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்திலிருந்து வரும் இறாலில் தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். வாங்கிய விலைக்கே கணக்குப் போட்டு மெனுவில் ரேட் வைத்தால் ஒவ்வொரு பிளேட்டிலும் கை நஷ்டம். என்னைவிட நூறு மடங்கு நன்றாகச் சமைக்கும் ஓர் அண்ணன் எங்கள் கிச்சனில் இருக்கிறார். இந்தக் கணக்கை எழுதிக் காட்டத் தெரியாததால் வருஷக்கணக்கில் அதே படியில் நிற்கிறார். எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, படிப்பில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்? எங்கள் செய்முறைத் தேர்வைச் சொன்னால் புரியும். சீட்டு எடுக்க வேண்டும், அதில் ஒரு மெனு இருக்கும். சூப், ஒரு மெயின், ஒரு காய், ஒரு இனிப்பு. முதலில் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. நாலு பேருக்கு வெண்ணெய் எவ்வளவு, மைதா எவ்வளவு என்று கிராம் கணக்கில் இன்டென்ட் எழுதித் தர வேண்டும். எழுதியது மட்டும்தான் தட்டில் வரும். மறந்துபோய் பிறகு கேட்டால் மார்க் போச்சு. அப்புறம் எது முன்னால் அடுப்பேறும், எது பின்னால் என்று வேலை வரிசை எழுத வேண்டும்.

இனிப்பில் எனக்கு வந்தது எக்ளேர், உள்ளே க்ரீம் வைக்கிற நீளமான பேஸ்ட்ரி. அதற்கு ஷூ பேஸ்ட் என்ற மாவு செய்ய வேண்டும். தண்ணீரும் வெண்ணெயும் தளதளவென்று கொதிக்கும்போது மைதாவை மொத்தமாகக் கொட்டி, ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறி, கொஞ்சம் ஆறவிட்டு, முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை வெந்து திரிதிரியாகிவிடும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பின்னால் வந்து நின்றார். "பேக்கிங் பவுடர் எங்கேம்மா?" என்றார். "போட மாட்டோம் சார், உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகித்தான் உப்பும்" என்றேன். "அப்போ நடுவுல ஓவனைத் திறந்தா?" "ஓடு இறுகறதுக்குள்ள சூடு இறங்கிடும் சார், அமுங்கிடும்." தலையாட்டிவிட்டு, வாயில் எதையும் போட்டுப் பார்க்காமல் நேராக என் குப்பைத் தொட்டிக்குப் போனார். கேரட் தோலை எடுத்து, எவ்வளவு தடிமனாகச் சீவியிருக்கிறேன் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ருசி பார்த்தது.

படிப்பு தருவது இந்த 'ஏன்' தான். பரோட்டா மாவை ஏன் ஊறப்போட வேண்டும் என்று எந்த மாஸ்டரும் விளக்கமாட்டார், ஊறாத மாவு வீசும்போது கிழியும் என்று அவர் கைக்குத் தெரியும். அதே மைதா க்ராய்சான் என்ற பிரெஞ்சு அடுக்கு ரொட்டியில் வேறு மாதிரி வேலை செய்கிறது. அடுக்குக்கு நடுவே எண்ணெய்க்குப் பதில் கெட்டி வெண்ணெய். மே மாதத்துப் புதுச்சேரிப் புழுக்கத்தில் அது உருகி மாவோடு மாவாகக் கலந்துவிட்டால் அடுக்கே இருக்காது, பன் தான் வரும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். காரணம் தெரிந்தவருக்கு ஏசி நின்றுபோன நாளிலும் என்ன செய்வது என்று தோன்றும். சுகாதாரமும் அப்படித்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சமைத்ததை வெளியே வைத்திருந்தால் கிருமி பெருகும் என்பதைப் பாடமாகப் படித்தபின், மத்தியானச் சாம்பாரை ராத்திரிவரை அண்டாவில் விட மனசு வராது.

தராதது வேகம். வகுப்பில் நாலு பேருக்குச் சமைத்துப் பழகிவிட்டு, சனி ஞாயிறு கூட்டத்தில் ஒரு பஃபேவுக்கு நின்றால் கண் கட்டிவிடும். உப்பையும் காரத்தையும் அப்படியே ஐம்பதால் பெருக்கிப் போட்டால் வாயில் வைக்க முடியாது, அது நின்று பழகினால்தான் வரும். படித்த திமிரில் மாஸ்டர்களிடம் வாய் கொடுக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், யாரும் அவர்களுக்கு எதையும் சொல்லித்தரமாட்டார்கள்.

இனி எந்தப் படிப்பு என்பது. அரசு சார்ந்த ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனங்களில் மூன்று வருட பி.எஸ்சி.க்குத் தேசிய அளவில் என்சிஹெச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கு அதில் நல்ல இடம் உண்டு, தமிழ் மீடியம் பிள்ளைகள் அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும். அந்தப் படிப்பில் சமையலோடு ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் சேர்த்துத்தான் வரும். சமையல் மட்டும் போதும் என்றால் ஒன்றரை ஆண்டுச் சான்றிதழ் படிப்போ, ஐடிஐயில் ஒரு வருட ஃபுட் புரொடக்ஷனோ தாராளம். என் கருத்தில் பணம் இடிக்கிற வீட்டுக்கு இதுவே நல்லது. புதுச்சேரி முருங்கப்பாக்கத்திலும், சென்னை தரமணியிலும், திருச்சி துவாக்குடியிலும் அரசு சார்ந்த நிறுவனங்கள் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளைத் தமிழக அரசின் தாட்கோ நிறுவனம் தன் செலவில் தரமணியில் படிக்கவைக்கும் திட்டமும் வந்திருக்கிறது. கடலூர் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் இந்த வருடம் விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள்.

தனியார் காலேஜ் பார்க்கப் போனால் ரிசப்ஷனில் மயங்க வேண்டாம். பாத்திரம் கழுவும் இடத்தையும் ஸ்டோர் ரூமையும் காட்டச் சொல்லுங்கள். சிங்க் காய்ந்து கிடந்தால் அங்கே அடுப்பு எரிவதில்லை என்று அர்த்தம். சார் சமைப்பார், முப்பது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி ஓர் இடத்தில் முழு வருடமும் நோட்டில்தான் சமைத்தாள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் மறுபடி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. செய்து பழகிய வேலையைச் சோதித்துப் பார்த்துச் சான்று தரும் ஆர்பிஎல் என்ற முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் உண்டு. எங்கள் கிச்சன் அண்ணனை அதற்குத்தான் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் கேட்டரிங் சர்டிஃபிகேட்டுக்கு முன்னால் 10-ம் வகுப்பு பாஸ் முக்கியம். 10 முடிக்காதவர் பாஸ்போர்ட் இசிஆர் (எமிக்ரேஷன் சோதனை தேவை) வகையில் வரும், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கப்பல் வேலைக்குச் சமையல் சான்றோடு எஸ்டிசிடபிள்யூ என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும். அங்கே மட்டும் 'கைப்பக்குவம் இருக்கு சார்' என்பது செல்லாது.

எங்கே போனாலும் ட்ரையல் உண்டு. எனக்கு வைத்தது ஒரு கூடை வெங்காயமும் ஓர் ஆம்லெட்டும். ஆம்லெட்டை செஃப் ஒரு வாய்தான் சாப்பிட்டார். வெங்காயம் நறுக்கும்போது நடுநடுவே பலகையைத் துடைக்கிறேனா, கத்தியை எங்கே வைக்கிறேன் என்பதைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது நகம் வெட்டி, வளையல் மோதிரம் கழற்றிவைத்து, வழுக்காத ஷூ போட்டுக்கொண்டு போங்கள். சொந்தக் கத்தி இருந்தால் முந்தின நாளே சாணை பிடித்து, துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.