வெலிங்டனில் ஒரு கோல்கீப்பரைத் தேடி

குன்னூருக்குப் போகிறவர்கள் சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்படியே ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். நடுவில் இருக்கிற வெலிங்டனைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. நான் இந்த முறை மலையேறியதே வெலிங்டனுக்காகத்தான், அதுவும் ஒரு கோல்கீப்பருக்காக. பீட்டர் தங்கராஜ். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று சொல்லப்படுகிற 1950-களிலும் 60-களிலும் நம் கோல்கம்பங்களுக்கு நடுவே நின்ற மனிதர், அவருடைய ஆட்டம் உருவானது இந்த மலையில்தான் என்பது தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆதங்கம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை மலை ரயிலில்தான் போனேன். டிக்கெட் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் கடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும், குன்னூர் வரை அந்தச் சத்தம்தான். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள், அந்த இடைவெளியில் இறங்கி ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிடலாம். அடுத்த ஸ்டேஷனே வெலிங்டன். சின்ன ஸ்டேஷன், இறங்கியவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள்.

ஊரே ராணுவத்தின் ஊர். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், ஊர்க்காரர்கள் வாயில் வெறும் 'எம்.ஆர்.சி.', ஒரு பக்கம், முப்படை அதிகாரிகள் படிக்கிற ஸ்டாஃப் காலேஜ் இன்னொரு பக்கம். பாரக்ஸ் பக்கம் நினைத்தபடி போக முடியாது, கேமராவைத் தூக்கவும் கூடாது, வெளியே சாலையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. 1953-ல் ஹைதராபாத் பக்கத்துப் பையன் ஒருவன், செகந்திராபாத்தின் சின்ன கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவன், ராணுவத்தில் சேர்ந்து இந்த ரெஜிமென்டுக்கு வந்தான். வரும்போது அவன் கோல்கீப்பரே இல்லை. சென்டர் ஃபார்வர்டு. கோல் போடுகிற ஆள்! ஆறடிக்கும் மேலே வளர்ந்தவனைக் கோல் போஸ்டுக்கு மாற்றியது ராணுவ ஆட்டத்தில்தான்.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்று வந்திருந்த நேரம். வெறுங்காலோடு ஆடியது போதும் என்று அதற்கப்புறம்தான் பூட் கட்டாயமானது. பந்தும் இன்றைக்கு இருப்பது மாதிரி இல்லை, தோல் பந்து, நடுவில் கயிறு கட்டித் தைத்திருப்பார்கள், மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். நீலகிரியில் மழைக்குப் பஞ்சமா? நனைந்த பந்து மேலிருந்து இறங்குகிறபோது கையை நீட்டுவதற்கே ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். தங்கராஜ் கோல்கீப்பராக நின்ற எம்.ஆர்.சி. அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1888-ல் சிம்லாவில் தொடங்கிய போட்டி, ஆசியாவிலேயே பழையது, அதை இந்த மலைக்கு இரண்டு முறை கொண்டுவந்திருக்கிறார்கள்.

மதியம் குன்னூர் போகும் வழியில் ஒரு பொது மைதானத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் படுகர் வீட்டுப் பிள்ளைகள், கொஞ்சம் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். நீலகிரியில் கிரிக்கெட்டுக்கு நிகராகக் கால்பந்து ஓடுகிறது, போய்ப் பார்த்தால்தான் நம்புவீர்கள். பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். மற்றவர்களை ஓடவிட்டுவிட்டு ஒரு கீப்பர் பையனை மட்டும் தனியாக நிறுத்தி வைத்திருந்தார், பதிமூன்று வயது இருக்கும், கையுறை அவன் கைக்குப் பெரியது. கார்னர் கொடியிடமிருந்து பந்து பந்தாக உயரத் தூக்கி அடித்தார். பையன் ஒவ்வொரு முறையும் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றான். "தம்பி, பந்து உன்கிட்ட வராதுடா, நீதான் போகணும். கிளம்பிட்டா பாதியில நிக்காத." அடுத்த பந்துக்கு அவன் கிளம்பினான், முட்டியைத் தூக்கிக் குதித்தான், விரல் நுனியில் பட்டு நழுவியது. "பரவால்ல, கிளம்பினல்ல, அதான் வேணும்." இடையில் மேகம் இறங்கி எதிர்க் கோல் போஸ்ட் மறைந்துபோனது, ஆட்டம் நிற்கவில்லை, சத்தத்தை வைத்தே பாஸ் கொடுத்தார்கள்.

தங்கராஜுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததும் இந்த உயரப் பந்துதான். ஃபார்வர்டாக ஆடியவர் என்பதால் எதிராளி எங்கே ஓடுவான், எப்போது தலையைக் கொடுப்பான் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம், அதற்குமேல் ஒலிம்பிக் கால்பந்தில் நாம் போனதே இல்லை. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர். அப்புறம் 1962 ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு இறுதியாட்டம், எதிரே தென்கொரியா. போட்டியை நடத்திய இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்ததில் இந்தோனேசிய ரசிகர்கள் நம்மேல் கடும் கோபத்தில் இருந்தார்கள், அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் கோலில் நின்றவர் தங்கராஜ். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட, 2-1, தங்கப் பதக்கம். பயிற்சியாளர் ரஹீம் அப்போதே புற்றுநோயோடு இருந்தார், அடுத்த வருடம் போய்விட்டார். இதையெல்லாம் எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடினார். ஒன்றுக்கு ஆடினாலே மற்ற இரண்டின் ரசிகர்கள் முறைக்கிற ஊர் அது. 1967-ல் அர்ஜுனா விருது.

ஆனால் நான் அதிகம் நினைப்பது அதற்குப் பிறகான தங்கராஜை. ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார், பெரிய வெளிச்சம் எதையும் தேடிப் போனதாகத் தெரியவில்லை. கோவாவின் வாஸ்கோ அணி, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், கடைசியில் பொக்காரோ ஸ்டீல் பிளான்ட். இரும்பாலை ஊர் ஒன்றில், செய்தித்தாள் நிருபர் எட்டிப் பார்க்காத மைதானத்தில், ஒலிம்பிக் ஆடியவர் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பானர்ஜி பயிற்சியாளராகப் பெற்ற புகழ் தங்கராஜுக்குக் கிடைக்கவில்லை, சரி, ஆனால் கோல்கீப்பர் என்பவன் கண்ணெதிரே ஒருவர் குதித்துக் காட்டினால் ஒழியக் கற்றுக்கொள்ள முடியாத ஒன்றைக் கற்கிறவன், அந்த வேலையை அவர் போன இடமெல்லாம் செய்தார் என்றால் அதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். 2008 நவம்பரில் பொக்காரோவிலேயே காலமானார்.

பயிற்சி முடிந்ததும் அந்த ராணுவக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். தங்கராஜ் பெயரைச் சொன்னதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். "பசங்ககிட்ட சொல்லுங்க சார், நான் சொன்னா பழைய கதைனு ஓடிருவாங்க" என்றார். சொன்னேன். முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டு என்றதும் எல்லாரும் அந்தக் கையுறைப் பையனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் போன வருடம் வரை ஃபார்வர்டுதானாம், கோல் போஸ்டுக்கு அனுப்பியதில் கோபமாம். "அண்ணா, அவரு போட்டோ இருக்கா?" என்று கேட்டான். என் போனில் இருந்த 1962 அணியின் படத்தைக் காட்டினேன், கோச்சின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினேன். பிரிண்ட் போட்டுப் பந்து வைக்கிற அறையில் ஒட்டப்போவதாகச் சொன்னார். அவருக்கு இன்னொன்றும் வேண்டுமாம், டூரண்ட் கோப்பையோடு எம்.ஆர்.சி. அணி நிற்கிற படம், 1955 ஆனாலும் 1958 ஆனாலும் சரி. உங்கள் வீட்டில் அந்தக் காலத்து ராணுவக்காரர் யாராவது இருந்து, பழைய ஆல்பத்தில் அப்படி ஒரு படம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.