ஆனி மஸ்கரீன் எந்த மாநிலத்து எம்.பி.?

பேச்சுப்போட்டிக்கு ஆனி மஸ்கரீனை எடுக்கிற பிள்ளைகள் முதல் வரியிலேயே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'கேரளத்தின் முதல் பெண் எம்.பி.' என்பது பிற்காலத்தில் ஒட்டிய பட்டம். 1952-ல் அவர் மக்களவைக்குப் போனபோது கேரளம் என்றொரு மாநிலமே இல்லை. இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் நம் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் அதற்குள்தான். திருவனந்தபுரத்துக்கு அவர், நாகர்கோவிலுக்கு நேசமணி. முதல் தேர்தலின் அறிக்கையில் கேரளம் என்று தேடினால் ஆள் அகப்படமாட்டார்.

பிறப்பு 1902, திருவனந்தபுரம், லத்தீன் கத்தோலிக்கக் குடும்பம். எம்.ஏ. முடித்து இலங்கையில் ஆசிரியை. திரும்பி வந்து சட்டம். 1938-ல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் கட்சி, பிறகு திவான் சி.பி. ராமசாமி ஐயர் ஆட்சியில் பலமுறை சிறை. 1948 கடைசியில், அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். அங்கே இருந்த பெண்கள் மொத்தம் 15 பேர்தான். 1949-ல் பறவூர் டி.கே. நாராயண பிள்ளை அமைச்சரவையில் சுகாதாரமும் மின்சாரமும்.

கட்டுரைகள் இதோடு நின்றுவிடும். எனக்குப் பெரிதாகப் படுவது, 1952-ல் அவர் சுயேச்சையாக நின்று ஜெயித்தது.

அன்றைய வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது, முத்திரை குத்துவதும் கிடையாது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தால் ஓட்டு போச்சு. சீட்டைப் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்கவும் வழி இருந்தது. காங்கிரசின் நுகம் பூட்டிய இரட்டைக்காளையை எழுத்து தெரியாதவரும் அறிவார். சுயேச்சைக்கோ, சின்னத்தையே வீடுவீடாகப் போய்ப் பழக்க வேண்டும்.

பெண்கள் ஓட்டில் வேறொரு சிக்கல். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயர் தராத சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பெரும்பாலும் வடக்கே நடந்தது அது. அந்தத் தேர்தலில்தான் இவர் மக்களவைக்குள் போகிறார்.

1957-ல் மறுபடி நின்று தோற்றார், 1963-ல் காலமானார். அதற்குள் நம் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டதால், அந்த 1957-ல் நமக்கு ஓட்டு அங்கே. குளச்சல் அனுப்பிய லூர்தம்மாள் சைமன் உள்ளாட்சித் துறை அமைச்சர் ஆனார், காமராஜர் அமைச்சரவையின் எட்டுப் பேரில் ஒரே பெண்ணாக.