பிக்கப் பின் பிரேக்க வீட்லயே மாத்துனோம்: டிரம்முக்குள்ள இருந்த வண்டல் கத

நம்ம டெல்டாவுல ஏத்தம் எறக்கம்னு ஒண்ணும் பெருசா கெடையாது, ஆத்துப் பாலம் ஏறி எறங்குறதுதான் மேடு, அதனாலயே பிரேக்க பத்தி யாரும் ரொம்ப யோசிக்கறதில்ல, அதுலயும் பின் பிரேக்க சுத்தமா மறந்துடுறோம். ஆனா ஆத்தங்கரை ரோட்ல ஒரு பக்கம் வெண்ணாறு ஒரு பக்கம் வயலு, எதுக்க மினி பஸ் வருது, ரோட்ல பாதிய மறைச்சு நெல்லு காயுது, பின்னாடி மூட்டை லோடு. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டை 30 ஏத்துனாலே 1200 கிலோ. வெறும் வண்டியில முன் பிரேக்கே முக்காவாசி வேலைய பாத்துடும், லோடு ஏறுனப்புறம் வெயிட்டு பின்னாடி ஒக்காந்துடுது, அப்ப பின் பிரேக் புடிக்கலன்னா வண்டி நிக்கிற தூரம் எங்கேயோ போயிடும். சில பிக்கப்ல பின்னாடி ஆக்ஸிலோட ஒரு கம்பிய கோத்து ஒரு வால்வே வச்சிருப்பாங்க, லோடு ஏறி பாடி எறங்க எறங்க பின் பிரேக்குக்கு பிரஷர் கூட போறதுக்காக. அதனால பின் பிரேக் சும்மா பேருக்கு இருக்குற ஐட்டம் இல்ல.

நம்ம வண்டியில ஹேண்ட் பிரேக் ரொம்ப மேல தூக்குனாதான் புடிச்சுது, மழையில சேத்துல போயிட்டு வந்தா இடது பின் வீல்ல கரகரன்னு சத்தம். சம்பா அறுவடைக்கு முன்னாடி முடிச்சுடணும்னு மார்கழியிலயே எறங்கிட்டோம், தை பொறந்துட்டா வண்டிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கூட எங்க மாமா, அம்மாவோட தம்பி, டிராக்டர் பவர் டில்லர்னு வாழ்நாள் பூரா கழட்டி மாட்டுனவரு.

வண்டிய நெல்லு காயப்போடுற சிமெண்ட் களத்துல நிறுத்துனோம். இத அழுத்திச் சொல்றேன், நம்ம ஊரு களிமண் தரையில ஜாக்கி போடாதீங்க, மேல காஞ்ச மாதிரி தெரியும், வெயிட்டு ஏறுனதும் ஜாக்கி சாஞ்சிடும். பின் வீல கழட்டும்போது ஹேண்ட் பிரேக்கும் விட்ருக்கணும், டிரம்ம (வீலோட சேந்து சுத்துற இரும்புச் சட்டி) சுத்தணும்னா கியரும் நியூட்ரல்ல இருக்கணும், அப்ப வண்டிய புடிச்சு வச்சிருக்கறது முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கொடுக்குற கட்டை மட்டும்தான். ஜாக்கிய நம்பி அடியில போகாம ஆக்ஸிலுக்கு ஸ்டாண்டு கொடுத்துடுங்க.

டிரம் லேசுல வரல. உள்ள தேஞ்சு வரப்பு கட்டியிருந்தா ஷூ, அதான் உள்ளேருந்து விரிஞ்சு டிரம்ம அழுத்தி நிறுத்துற வளைஞ்ச தகடு, அதுல மாட்டிக்கும். "சுத்தியால போட்டு அடிக்காத மாப்ள, ஓரம் ஒடஞ்சிடும்"னு மாமா சொல்லிட்டு, ஷூ மாட்டியிருக்குற பின் தட்டுல இருக்குற ஓட்டை வழியா ஸ்க்ரூ டிரைவர விட்டு, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வைக்கிற அட்ஜஸ்டர லூஸ் பண்ணாரு. நெறைய டிரம் முகத்துல மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும், அதுல சைஸ் போல்ட்ட மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்குனா டிரம் தானா வெளிய வரும். வந்துச்சு.

உள்ள பாத்தா வண்டல். வாய்க்கால்ல வர்ற அதே மண்ணு, பிரேக் தூளோட சேந்து ஓரமெல்லாம் மொறமொறன்னு அப்பியிருக்கு, அட்ஜஸ்டர் துரு புடிச்சு அசையவே இல்ல. வயலுக்குள்ள, தண்ணி நிக்கிற வரப்போரம்னு எறக்கி ஓட்டுனா சேத்துத் தண்ணி டிரம்முக்குள்ள போகுது, தண்ணி காஞ்சிடும், மண்ணு அங்கேயே தங்கிடும், அப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் அதே மண்ணு ஷூ மேல ஒட்டியிருக்குற லைனிங்கையும் டிரம்மையும் உப்புத்தாள் மாதிரி ராவிக்கிட்டே இருக்கும். நம்ம பக்கம் லைனிங் கிலோமீட்டர் கணக்குல தேயறத விட சேத்துலதான் சீக்கிரம் தேயுது, இத நான் உறுதியா சொல்வேன். புது ஷூ மட்டும் மாட்டிட்டு இந்த மண்ண விட்டுட்டா அடுத்த சம்பாவுக்கு மறுபடியும் அதே கததான்.

அந்தத் தூள காத்தடிச்சு ஊதவே ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது. மூஞ்சில நல்ல மாஸ்க் கட்டிக்கிட்டு, சோப்புத் தண்ணி ஊத்தி ஊறவச்சு பிரஷ்ஷால எடுங்க. டீசல் பெட்ரோல் போட்டு கழுவுற பழக்கம் நம்ம ஊர்ல நெறைய இருக்கு, ஆயில் பிரஷர்ல ஷூவ விரிக்கிற வீல் சிலிண்டரோட ரப்பர் அதுல ஊதிப்போயிடும், வேணாம்.

இடது பக்கம் வீல் சிலிண்டர் ரப்பர் மூடிய நீக்குனா உள்ள ஈரம். அது பிரேக் ஆயிலா, பின் ஆக்ஸில் கியருக்குள்ள ஊத்துற கிரவுன் ஆயிலான்னு முதல்ல பாக்கணும். கிரவுன் ஆயில் கெட்டியா, கருப்பா, கந்தக நாத்தம் அடிக்கும், அப்படின்னா ஆக்ஸில் சீல் போயிடுச்சு, அத மாத்தாம ஷூ மாட்டி புண்ணியமே இல்ல. நமக்கு இருந்தது தண்ணியா, பிரேக் ஆயில். ரெண்டு பக்கமும் சிலிண்டர் புதுசு, ஷூவும் ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் மாத்துறது தப்பு, பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஆத்தங்கரையில இழுத்தா எங்க போவோம்னு சொல்லவே வேணாம்.

ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிரிக்காதீங்க. ஒண்ண முடிச்சுட்டு இன்னொண்ணு, எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டைன்னு சந்தேகம் வந்தா மறுபக்கத்த போய் பாத்துக்கலாம். முன்னாடி ஷூ பின்னாடி ஷூ ரெண்டுக்கும் லைனிங் நீளம் வேற வேறயா இருக்கலாம், வண்டி முன்னால போகும்போது முன் ஷூவ டிரம்மே உள்ள இழுத்துக்கும், அதுக்கு வேலை ஜாஸ்தி. அட்ஜஸ்டரும் இடது வலது மாத்திப் போடக்கூடாது, மரை எதிரெதிரா இருக்கும். பின் தட்டுல ஷூ உரசுற மேடுகள்ல மட்டும் சூடு தாங்குற கிரீஸ் துளி, லைனிங்ல ஒரு பொட்டு கூட படக்கூடாது. டிரம்மோட அதிகபட்ச விட்டம் டிரம்லயே பொறிச்சிருக்கும், வெட்டுனப்புறமும் அத தாண்டாதுன்னா லேத்துல லேசா வெட்டிக்கலாம், தாண்டிடும்னா புதுசுதான்.

அப்புறம் ஏர் எடுக்கறது, அதாவது பிரேக் லைன்ல மாட்டுன காத்த வெளிய விடுறது. பெடல் மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரமா இருக்குற வீல்தான் முதல்ல. மாமா அடியில, நான் பெடல்ல. "மிதி... மிதி... புடிச்சுக்க மாப்ள"ன்னதும் காலை எடுக்காம அழுத்தி வச்சுக்கணும், அவரு வீல் சிலிண்டர்ல காத்து வெளிய விடுற நிப்பிள தொறந்து மூடுனப்புறம்தான் எடுக்கணும், முன்னாடியே எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். நடுவுல டேங்க்ல ஆயில் கொறையாம ஊத்திக்கிட்டே இருக்கணும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கணும், ஈரத்த இழுத்துட்டா அந்த அளவு 155க்கு எறங்கிடும், அதனால தொறந்து வச்ச பழைய பாட்டில தொடாதீங்க, நம்ம ஊரு மழைக்கால காத்துல ஈரத்துக்கா பஞ்சம். பெயிண்ட் மேல சிந்துனா உடனே தண்ணி ஊத்தி கழுவிடுங்க.

லேசா ஒரசுற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணி, வீல மாட்டி, ஆளில்லாத விடிகாலையில நீடாமங்கலம் ரோட்ல மெதுவா போய் போய் நிறுத்திப் பாத்தோம். நேரா நிக்குது, ஹேண்ட் பிரேக்கும் கீழயே புடிக்குது. புது லைனிங் டிரம்மோட ஒக்கார கொஞ்ச நாள் ஆகும், அது வரைக்கும் ஃபுல் லோடு ஏத்தல. ஒக்காந்தப்புறம் அட்ஜஸ்டர இன்னொரு தடவ பாத்துட்டு எல்லா வீல் நட்டையும் ஒரு தடவ டைட் பாத்துடணும். சம்பா நெல்லு எறங்கி முடிஞ்சதும் டிரம்ம மறுபடி கழட்டி மண்ணெடுக்கப் போறோம், மாமாகிட்ட இப்பவே சொல்லி வச்சாச்சு.