ஏர்வாடியிலிருந்து ‘கோமா’ வரை: மண்டபத்துச் செவிலியின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

இரவுப் பணி இல்லாததால் ‘கோமா’ குறுந்தொடரின் முதல் பகுதியைப் பார்த்தேன். மருத்துவரான ராபின் குக் 1977-இல் எழுதிய நாவல் அது; 1978-இல் மைக்கேல் கிரைட்டன் அதைத் திரைப்படமாக்கினார்; 2012 செப்டம்பரில் அது குறுந்தொடராக அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பானது. சிறிய அறுவைச் சிகிச்சைக்காக நடந்து வந்தவர்கள் மயக்கம் தெளிந்து எழுவதேயில்லை. சூசன் வீலர் என்ற மருத்துவ மாணவி அதன் காரணத்தைத் தேடிப் போகிறாள்.

நாவலில், உறுப்புகளைத் திருடி விற்கும் சதிக்காக நோயாளிகளைக் கோமாவில் ஆழ்த்தும் ஆயுதம் கார்பன் மோனாக்சைடு வாயு. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஆயினும் ரத்தம் செக்கச்செவேலென்றே இருக்கிறது. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட நாங்கள் இன்று நோயாளியின் விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டருக்கும் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று பிரித்தறியத் தெரியாது; மூளை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதும் அது நல்ல அளவையே காட்டும். கதாசிரியர் மருத்துவர் என்பதற்கு இந்த ஒரு விவரமே போதும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டாம் பகுதியும் முடிந்தது. நினைவற்றவர்களைக் கம்பிகளில் தொங்கவிட்டுப் பராமரிக்கும் ஜெஃபர்சன் நிலையமும், அதை நடத்தும் எமர்சன் அம்மையாராக எலன் பர்ஸ்டினின் நடிப்பும் மிகச் சிறப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, படுக்கைப்புண் வராமல் காக்கும் எங்களுக்கு, மனிதக் கை படாத அந்தக் கூடம்தான் கதையிலேயே பெரிய கொடுமையாகத் தெரியும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தொடரை என்னோடு பார்த்த பக்கத்து வீட்டு அக்கா இன்று காலையில், “கோமாவுல கெடக்குறவுகளத்தான் மூளைச்சாவுன்னு சொல்லி உறுப்ப எடுக்குறாகளா, தங்கச்சி?” என்று கேட்டார். தேசிய நெடுஞ்சாலையில் அடிபட்டுத் தலைக்காயத்தோடு மதுரைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், அது வெறும் கதையைப் பற்றிய கேள்வி அல்ல.

அவரிடம் நிதானமாகச் சொன்னேன். கோமாவில் இருப்பவரின் மூளையில் உயிர் இருக்கிறது. பலர் தாமாகவே மூச்சு விடுவார்கள். சிலர் நினைவு திரும்பி மீண்டு வருவார்கள். மூளைச்சாவில், மூச்சை இயக்கும் மூளைத்தண்டே செயலிழந்துவிடுகிறது. கண்மணியில் வெளிச்சம் பட்டாலும் அது சுருங்காது. வென்டிலேட்டரிலிருந்து சிறிது நேரம் பிரித்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்வரை காத்திருந்தாலும் ஒரு மூச்சுகூட எழாது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தும் மருத்துவர் அக்குழுவில் இருக்கக் கூடாது. அதன் பிறகும் குடும்பத்தார் சம்மதித்தால்தான் அடுத்த வேலை. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக முதல்வர் அறிவித்ததையும் சொன்னேன்.

அக்கா முழுதாக நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் சதிக்கதை எழுதுபவர்கள், தமிழில் எழுத முனைபவர்கள் உட்பட, இந்த வேறுபாட்டை ஒரு காட்சியிலாவது சரியாகக் காட்டியே தீர வேண்டும். அச்சத்தில் ஒரு குடும்பம் மறுத்துவிட்டால், சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு குடும்பம்தான் அதன் விலையைக் கொடுக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

2001-இல் இதே நாளில், விடியும் முன், நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர்.

ஜெஃபர்சன் நிலையத்துக்குள் நுழையச் சூசன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. ஏர்வாடியில் சங்கிலிகளைப் பார்க்க எவரும் பதுங்கிச் செல்ல வேண்டியதில்லை. தர்காவுக்குச் சென்ற யாத்திரிகர் அனைவரின் கண்ணெதிரிலேயே அவை கிடந்தன. மனநல நிலையங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. தீக்குப் பின்னரே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்களும் தீக்குப் பின்னரே மூடப்பட்டன.

இந்தக் கடற்கரையை வைத்து யாரேனும் மருத்துவத் தொடர் எடுத்தால், மர்ம நிலையம் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அந்தக் கொட்டகைகளைச் சோதிக்க வேண்டியவர் யார், அவர் ஏன் வரவில்லை என்ற கேள்வியிலிருந்து முதல் பகுதியைத் தொடங்கலாம்.