குளியலறையில் ஒரு பென்சில் கோடு

நாக்பூர் விடுதியில் காலைக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மதுரை வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்கி நிற்கும் காணொளியை மனைவி அனுப்பியிருந்தார்.

நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரமாவது மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். மேஸ்திரிக்கோ அவசரம்.

மகள் நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறாள். அதைக் காட்டித்தான் மனைவி மேஸ்திரியை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்.

வெளியூரில் இருப்பவரின் மேற்பார்வை என்பது, பெரும்பாலும் பணம் அனுப்புவதும், வீட்டில் இருப்பவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு அலைபேசியில் தலையாட்டுவதும்தான்.

டைல்ஸின் நிறத்தையும் அவர்களே தீர்மானித்துவிட்டார்கள். எனக்கு ரசீது மட்டும் வந்திருக்கிறது.