திரும்பும் டிக்கெட் வேண்டாமாம்

ஜனவரி 6, 2025, திங்கள்

காசிக்குப் போக இந்திய விசா வந்துவிட்டது, மூன்று பேருக்கும். படத்தில் அப்பா யாரையோ அடிக்கக் கிளம்பியவர் மாதிரி இருக்கிறார். படக்கடைப் பையன் வலது பக்கம் நின்றுகொண்டு "தாத்தா, முகத்த சாதாரணமா வைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வலது பக்கம் நின்று சொன்னால் அவருக்கு எப்படிக் கேட்கும்?

ஜனவரி 8

கால் வீக்கம் வடியவில்லை. தண்ணீர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஜனவரி 11, சனி

அண்ணன் ஜொகூரிலிருந்து கூப்பிட்டான். பிப்ரவரி 17 கிளம்பி, கொல்கத்தாவில் விமானம் மாறி, காசி. 26ஆம் தேதி சிவராத்திரிக்கு அங்கே இருப்போம். 28 திரும்புகிறோம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "எனக்கு எதுக்குத் திரும்புற டிக்கெட்டு? வீண் செலவு" என்றார். அண்ணன் சிரித்தான், நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

படுத்த பிறகுதான் உறைத்தது. இவர் கோயில் பார்க்கக் கிளம்பவில்லை.

திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி என்பார்கள். திருவாரூரில் பிறக்க இனி வழியில்லை. இரண்டாவதுதான் மிச்சம். காசியில் உயிர் பிரியும்போது சிவனே குனிந்து வலது காதில் தாரக மந்திரம் ஓதுகிறாராம். மனிதன் என்றில்லை, ஈ எறும்புக்கும் உண்டாம். என்ன சாதி என்று கேட்பதில்லை, பாவக் கணக்கைப் புரட்டுவதில்லை. ராமகிருஷ்ண பரமஹம்சர் 1868இல் காசிக்குப் போனபோது, மணிகர்ணிகைக் கரையில் சிவன் சிதை சிதையாகப் போய்க் காதில் ஓதியதைப் படகிலிருந்தே கண்டாராம். அந்த மணிகர்ணிகைக் குளமே சிவனின் காதணி விழுந்த இடம் என்றுதான் புராணம். அங்கேயும் காதுதான்.

வலது காது. அப்பாவுக்குப் போனதும் அதே காதுதான்.

ஜனவரி 12

கேட்டேவிட்டேன். "அந்தக் காதுதான் உங்களுக்குக் கேட்காதே."

கொஞ்சம் யோசித்தார். "இந்தப் பக்கம் வந்து சொல்லச் சொல்லு."

ஜனவரி 14, பொங்கல்

பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. நேற்று கும்பமேளா தொடங்கிவிட்டதாம், டிவி முழுக்கத் தலைகள். பிரயாகையில் முழுகுகிற கூட்டம் அடுத்து காசிக்குத்தான் வரும் என்கிறார்கள். அப்பா நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்.

ஜனவரி 18

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை. கயாவில் அட்சய வடத்தின் அடியில் விடுவதுதான் முறை என்று பெரியம்மா போனில் திருத்தினார். கயாவுக்கும் போகிறோமா என்று அண்ணனிடம் கேட்க வேண்டும்.

பிடித்ததை விட்டால்தான் அது விடுவது. அப்பா பாகற்காயை விடுகிறாராம். ஆயுசில் தொட்டதே இல்லை! டுரியானை விடுங்கள் என்றேன். "டுரியான விட்டுட்டு மோட்சம் எதுக்கும்மா?"

நான் கொய்யா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜனவரி 22

அங்கே விடியற்காலையில் ஒன்பது டிகிரி, பத்து டிகிரியாம். மூடுபனியில் விமானமே இறங்காமல் போகிற நாளும் உண்டாம். பழைய துணிக்கடையில் அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை தேடினேன். கொரிய எழுத்து போட்ட ஒன்றுதான் அளவுக்குச் சரியாக இருந்தது, பதினைந்து வெள்ளி. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரி 25

சாமி மேடையைத் துடைத்தேன். கங்கைச் செம்பு கறுத்துப்போய்விட்டது. புளி போட்டுத் தேய்க்கவும் பயமாக இருக்கிறது, மூடியில் வைத்த ஈயம் விட்டுவிட்டால்? தாத்தா காலத்துச் செம்பு. டவுனில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் காசிக்குப் போய்வந்து கொடுத்தது. காசி நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குத் தினமும் பூஜைப் பொருள் போகிறது, இன்றைக்கும். விசாலாட்சி கோயிலைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். மலாயாத் தோட்டங்களில் கொண்டுவிற்ற, அதாவது வட்டிக்கு விட்ட, பணத்துக்கும் அதில் பங்கு உண்டு. தாத்தா தன் வாழ்நாளெல்லாம் கட்டிய வட்டியில் ஒரு பிடி வில்வமாவது விசுவநாதர் தலையில் விழுந்திருக்கும். அந்தக் கணக்கில் எங்கள் குடும்பம் எப்போதோ காசிக்குப் போய்விட்டது. இதை அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். சொல்லவில்லை. சொன்னால் டிக்கெட் பேச்சு வரும்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. அம்மாவுக்குப் படையல் போட்டேன். இன்றைக்கே சீனப் புத்தாண்டு, விடிய விடியப் பட்டாசு.

காலையில் சங்கமத்தில் நெரிசலாம். ராத்திரிச் செய்தியில் முப்பது பேர் செத்துப்போனார்கள் என்று அந்த அரசாங்கமே சொல்கிறது. அண்ணன் உடனே கூப்பிட்டான்: தள்ளிப்போடலாம், கும்பமேளா முடியட்டும், மார்ச்சில் போகலாம். நானும் சரி என்றேன். அப்பாவுக்கு யார் சொல்வது?

நானேதான் சொன்னேன். இடது பக்கம் உட்கார்ந்து, நிதானமாக.

"மார்ச்சு மாசம் நான் இருப்பேன்னு உங்க அண்ணன் எழுதித் தருவானா?"

ஜனவரி 30

பேசவில்லை. கம்பளிச் சட்டையும் கழற்றவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

17ஆம் தேதியே போகிறோம். அண்ணன் இறங்கிவந்தான்.

யாரோ கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க என் தையல் கடைக்கு ஒரு பனாரஸ் பட்டு வந்திருக்கிறது. வெட்ட மனசே வரவில்லை, ஜரிகை அத்தனை நெருக்கம். இதைக் காசியில் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கபீரும் அந்த ஊர் நெசவாளிதான். காசியிலேயே வாழ்ந்துவிட்டு, சாகிற வேளையில் மகஹருக்குப் போனவர். மகஹரில் செத்தால் அடுத்த பிறவி கழுதை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. காசியில் செத்ததால்தான் மோட்சம் என்றால் அதில் ராமனுக்கு என்ன பெருமை என்று கேட்டவர் அவர். நானும் ஊசி நூல் பிடிக்கிற ஆள் என்பதாலோ என்னவோ, எனக்கு அவர் கட்சிதான்.

சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். நினைத்தாலே முக்தி தர அண்ணாமலை இருக்கிறது, இங்கே சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து நினைத்தால் போதாதா என்றும் கேட்டேன்.

"நெனைக்க உட்கார்ந்தா எனக்குக் கடன்தாம்மா ஞாபகம் வருது. அந்த நெசவுக்காரரு பெரிய ஆளு. எங்க செத்தாலும் அவருக்கு ஒண்ணுதான். நான் சாதாரண ஆளு. எனக்கு அந்த எடம் வேணும்."

பதில் சொல்லத் தோன்றவில்லை. ரசம் ஊற்றினேன்.

பிப்ரவரி 4

அவர் போய் அங்கே இருந்துகொண்டால் கூட யார் இருப்பது? அண்ணனுக்கு வேலை, பிள்ளைகள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாக வருகிறவர்களுக்கென்றே காசியில் விடுதிகள் இருக்கின்றன. முக்தி பவன் என்று ஒன்று. அங்கே பொதுவாக இரண்டு வாரம்தான் இடமாம். அதற்குள் போகாவிட்டால்? இதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், கடைக்கு ஆள் வந்து நிற்பது கூடத் தெரியாமல்.

நான் விட்டுவிட்டு வரப்போவது கொய்யா இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்கு மூச்சு வாங்கவில்லை. அதனால் பேசினார், நிறைய. எழுதிவைக்கிறேன்.

ரப்பர்த் தோட்டத்தில் அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை அரிச்சந்திரன் நாடகம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கீற்றுப் பந்தல், கேஸ் விளக்கு. பெண்வேஷத்துக்குப் பெண் யாரும் வரமாட்டார்கள், அப்பாதான் சந்திரமதி. அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு மடியில் லோகிதாசனைப் போட்டு அழுவாராம். மயான காண்டம் முடியும்போது பொழுது விடிந்துவிடும். அப்படியே பால் வெட்டப் போவார்களாம். அந்த மயானம் காசி. இன்றைக்கும் அங்கே அரிச்சந்திரன் பெயரில் ஒரு படித்துறை, பிணம் எரிந்துகொண்டிருக்கிறது. மின்மயானமும் வந்துவிட்டது.

"ராஜா எதுக்குக் காசிக்குப் போனாரு தெரியுமா?" என்று கேட்டார். விசுவாமித்திரருக்கு ராஜ்ஜியத்தையே கொடுத்தாயிற்று. கொடுத்த மண்ணில் நிற்கக் கூடாது. உலகம் முழுக்க அவர் ஆண்டதுதான் என்றால் வேறு எங்கே நிற்பது? காசி ஒன்றுதான் மிச்சம். அது இந்தப் பூமிக் கணக்கில் சேராது, சிவனுடைய சூலத்தின் மேல் இருக்கிறது. பிரளயம் வந்தாலும் அழியாது. சிவன் அந்த ஊரை விட்டுப் போவதும் இல்லை, வருகிறவனைப் போ என்று சொல்வதும் இல்லை.

பிறகு அவரே, "லயத்த இடிச்சப்ப உங்கம்மா அடுப்புக் கல்லத் தூக்கிட்டு வந்தா, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது. லயம் என்பது தோட்டத்து வரிசை வீடுகள். செம்பனை போடப்போகிறோம், காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தாத்தா நட்ட பலாமரத்தைக் கூட விடவில்லை. மூன்று தலைமுறை இருந்த இடத்தில் எங்கள் பெயரில் ஒரு பிடி மண் கிடையாது. மாரியம்மனே இடம் மாறிப் போனாள். இப்போது இருக்கிற இந்த மலிவு வீட்டுக்கும் பட்டா என் பெயரில்தான், அவர் பெயரில் இல்லை.

காதுக் கதையும் வந்தது. எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். பத்து வயசு. ஆத்தாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்குகிறார். கால் தடுக்கி வாளி கவிழ்ந்துவிட்டது. வேலை வாங்குகிற தண்டல் அறைந்த அறையில் காதுக்குள் ஏதோ உடைந்து, மூன்று நாள் சீழ். ஆத்தா தேங்காய் எண்ணெய் காய்ச்சி விட்டாளாம். பாதி நாள் கூலியையும் பிடித்துக்கொண்டார்கள்.

"அதுக்கப்புறம் அந்தக் காதுல யாரும் ஒண்ணும் சொன்னதில்ல" என்றார். சொல்லிவிட்டு மைலோ கேட்டார்.

பிப்ரவரி 8

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அப்பாவைப் பார்க்க வந்தார். பிரயாணம் நல்லபடி ஆகட்டும் என்று சொல்ல வந்தவர் இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினார். குமரகுருபரர் காசிக்குப் போய் மடம் கட்டியது, தமிழ்ப் பள்ளியில் நாங்கள் காலையில் பாடிய சகலகலாவல்லி மாலையை அங்கேதான் பாடினார் என்பது, பாரதியார் 1898இலிருந்து நான்கு வருஷம் அனுமன் காட் படித்துறைப் பக்கம் அத்தை வீட்டில் இருந்தது. அண்ணன் அறை போட்டிருப்பதும் அனுமன் காட் பக்கம்தான், தெருவில் தமிழ் காதில் விழுமாம். கங்கை அங்கே வடக்கே திரும்பி ஓடுகிறது, படித்துறை எல்லாம் மேற்குக் கரையில் சூரியனைப் பார்த்தபடி, எதிர்க்கரை வெறும் மணல். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாத்தியார் உட்கார்ந்திருந்தது வலது பக்கம்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

ஈப்போ கல்லுமலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் காவடி, வழியனுப்பக் கூட வாசலுக்கு வர முடியவில்லை அவரால். நான்கு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறது. விமானத்தில் போகலாம் என்ற கடிதத்துக்கு நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காசியில் பல்லி சத்தம் போடாது, கருடன் பறக்காது என்பார்கள். இந்த வீட்டுப் பல்லி விடியும் வரை ஓயவில்லை. எந்தத் திசை, என்ன பலன் என்று பார்க்கக் காலண்டரை எடுத்துவிட்டு, திரும்ப மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 13

கடிதம் தரவில்லை. அங்கிருந்தே வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நுரையீரலில் தண்ணீர்.

பிப்ரவரி 14

கூட்டம். கட்டிலுக்குக் கட்டில் இடைவெளியே இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

பிப்ரவரி 15, சனி

மூக்கில் ஆக்சிஜன் குழாய். சிறுநீர் நன்றாகப் போகிறது, அதனால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. முதுகு புண்ணாகாமல் இருக்கத் தாதி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வலது பக்கம் கீழே. அப்பா கையை ஆட்டினார். தாதிக்குப் புரியவில்லை, மலாய்க்காரப் பெண். வலிக்கிறதா என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. "அடுத்த பக்கம், மிஸ்ஸி" என்றேன். மாற்றிப் போட்டார்கள், வலது காது மேலே.

அதற்குப் பிறகு நான் சொன்னது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை, நல்ல காது தலையணைக்குள் இருக்கிறது. சாப்பாடு வந்துவிட்டது என்று தோளைத் தட்டித்தான் சொன்னேன். கோபம் வந்தது எனக்கு. இத்தனை வருஷமாக இடது பக்கமே உட்கார்ந்து, இடது பக்கமே நடந்து, பஸ்ஸில் கூட இடம் பார்த்து உட்கார்ந்தவள் நான். இப்போது யாருக்கோ காலி பண்ணி வைத்திருக்கிறார் அந்தப் பக்கத்தை.

வெளியே வந்து தே ஓ குடித்தேன். பிறகு அம்மாவின் கொடி அடகில் இருப்பது ஞாபகம் வந்தது, வட்டி கட்டவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாளைய டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது, தேதி மாற்றினால் கட்டணம் கட்டி மாற்றலாம், ஆனால் இன்று ராத்திரிக்குள். அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான்: மார்ச்சா, ஏப்ரலா? டாக்டர் இரண்டும் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார், அதுவும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏப்ரல் என்றேன்.

"அப்பாவுக்கு இரண்டு வழியும்தானே?" என்றான்.

அப்பா விழித்திருந்தார். போனை அவர் காதில் வைத்தேன், இடது காதில். அண்ணன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. "உன் தங்கச்சிக்கும் ஒரு வழி போடாத, அவளுக்குக் கடை இருக்கு" என்றார் இவர். அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் இன்னும் லைனில் இருக்கிறான். பனாரஸ் ஜாக்கெட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.